மிக அவசரம்: தயிர் சம்பந்தமாக

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. முத்தியால்பேட்டை மார்க்கெட்டில் ஒரு கிலோ சங்கராவுக்கு விலை பேசி முடித்து, ஆய்ந்து தரச் சொல்லிவிட்டு, பையை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தேன். சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. ஒரு கையில் பை, இன்னொரு கையில் சில்லறை. அப்படியும் விடாமல் எடுத்துப் பார்த்தேன். அலுவலக மின்னஞ்சல். அனுப்பியவர் எங்கள் மேனேஜர். பக்கத்தில் சிவப்பு நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி. தலைப்பு, 'மிக அவசரம்'.

ஞாயிற்றுக்கிழமை, மேனேஜர், சிவப்பு. இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தால் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன் வயிற்றில் என்ன கரையும் என்பது அவனுக்குத்தான் தெரியும். ஜிஎஸ்டி நோட்டீஸா? வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்களா? போன வாரம் தூக்கக் கலக்கத்தில் நான் அனுப்பிய பில்லில் ஒரு சைபர் கூடிப்போய்விட்டதா?

"இன்னாண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு? ஊட்டுல எதனாச்சுமா?" என்றார் மீன்கார அம்மா.

"ஊட்டுல ஒன்னுமில்லம்மா. ஆபீசு."

"அவ்ளோதானா!" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மீனைக் கையில் எடுத்தார். எது முந்தி, எது பிந்தி என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. மீன் கவிச்சி அடிக்கிற விரலால் மின்னஞ்சலைத் திறந்தேன்.

'அலுவலக ஃபிரிட்ஜில் யாரோ வைத்துவிட்டுப் போன தயிர் புளித்துப் பொங்கி நாறுகிறது. சம்பந்தப்பட்டவர் உடனடியாகக் கவனிக்கவும்' என்று தொடங்கியது. அதற்குக் கீழே தூய்மை, பொறுப்புணர்வு, கூட்டு வாழ்க்கை என்று நீளமாக ஏதோ இருந்தது. நான் படிக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் பதினான்கு பேர். ஒரு டப்பா தயிருக்காகப் பதினான்கு வீடுகளில் பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பாக்கியிருக்கிறார் மனிதர். போதாததற்கு, படித்ததற்கு ரசீது வேறு கேட்டிருந்தார். பதிவுத் தபாலில் வரும் ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போடுவது மாதிரி, 'ஆம், தயிரைப் பற்றி அறிந்தேன்' என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். போனைப் பையில் போட்டுக்கொண்டு கொத்தமல்லி வாங்கப் போய்விட்டேன்.

கோபத்தில் கற்றுக்கொண்டது மறக்காது. அன்று மதியம் மீன் குழம்பு தந்த தெம்பில் இந்தச் சிவப்புக் குறியின் பூர்வீகத்தைத் தேடினேன்.

ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் தலைமாட்டில் நம் கண்ணில் படாமல் பல வரிகள் போகின்றன. யார் அனுப்பியது, எந்தெந்தக் கணினி வழியாக வந்தது, எத்தனை மணிக்கு என்றெல்லாம். அவற்றில் ஒன்று 'எக்ஸ்-பிரையாரிட்டி'. அதில் 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும். 1 என்றால் தலை போகிற காரியம். 5 என்றால் தலை அதன் பாட்டுக்குக் கழுத்தின் மேலேயே இருக்கும். எதையும் தொடாமல் அனுப்பினால் 3, அதாவது சாதாரணம். தண்டர்பேர்டு என்ற மென்பொருளில் இந்த ஐந்து படிகளும் உண்டு. அவுட்லுக்கில் சிக்கனமாக மூன்றுதான். மேலே சிவப்பு ஆச்சரியக்குறி, கீழே தலைகுனிந்த நீல அம்பு, இரண்டுக்கும் நடுவில் குறி எதுவும் இல்லாத நம்மைப் போன்றவர்கள்.

முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'எக்ஸ்' எழுத்துக்கு, முறையான தரப்பட்டியலில் சேராதது என்று அர்த்தம். ரேஷன் கார்டில் பெயர் இல்லாமல் வீட்டோடு தங்கியிருக்கும் உறவுக்காரர் மாதிரி. சாப்பாடு போடுவோம், ஆனால் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் கிடையாது. கார்டில் பெயர் உள்ளவராக 'இம்பார்ட்டன்ஸ்' என்று இன்னொரு வரியும் உண்டு. ஹை, நார்மல், லோ என்று அதற்கு மூன்றே மூன்று நிலை.

இதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் வேறு. சிவப்புக் குறி போட்டால் மின்னஞ்சல் கொஞ்சம் வேகமாகப் போகும் என்றுதான் இத்தனை நாள் நம்பியிருந்தேன். ஆம்புலன்சுக்கு வழி விடுவது மாதிரி மற்ற மின்னஞ்சல்கள் ஒதுங்கி நிற்கும் என்று ஒரு கற்பனை. அப்படி எதுவும் இல்லை. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அதுதான் இது. துண்டு போட்டவருக்கு இடம் கிடைக்கலாம். துண்டுக்காக பஸ் ஒரு நிமிடம் முன்னால் போய்ச் சேராது. வழியிலேயே முந்திக்கொண்டு போகும் ஏற்பாடு தனியாக இருக்கிறது. 2012-இல் ஆர்எஃப்சி 6710 என்ற எண்ணோடு அதற்கு விதிமுறை எழுதினார்கள். ஆனால் அது ராணுவச் செய்திகள், தேசிய நெருக்கடிகள் மாதிரியான பெரிய காரியங்களை மனத்தில் வைத்து எழுதியது. அதில் தயிர் வராது.

ஜிமெயில்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். அனுப்புகிறவர் கையில் அந்தப் பொத்தானையே தரவில்லை. 2010-இல் 'பிரையாரிட்டி இன்பாக்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நாம் யாருடைய கடிதத்தைத் திறக்கிறோம், யாருக்குப் பதில் போடுகிறோம் என்று ஓரமாக நின்று பார்த்து, எது நமக்கு முக்கியம் என்று இயந்திரமே முடிவுசெய்து மஞ்சள் குறி போடும். என் பெட்டியில் பிரியாணிக் கடைச் சலுகைக்கு மஞ்சள் குறி இருக்கிறது. கொடுத்த கைமாற்றைப் பற்றி மைத்துனர் அவ்வப்போது அனுப்பும் நினைவூட்டலுக்கு இல்லை. இயந்திரம் தப்பு செய்கிறது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அது என்னைத்தானே பார்த்து எழுதியிருக்கிறது!

மஞ்சள் என்றதும் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. கடிதத்துக்குக் குறி போடுவதை அமெரிக்காக்காரன் வந்தா நமக்குச் சொல்லித் தர வேண்டும்? நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வந்தால் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம். கருப்புக் கரை போட்டு வந்தால் கருமாதி. படித்த கையோடு கிழித்து வெளியே போட்டுவிட்டுத்தான் மறுவேலை. எழுத்துக்கூட்டத் தெரியாத என் பாட்டி, கடிதம் தபால்காரர் கையில் இருக்கும்போதே, பத்தடி தூரத்தில் திண்ணையில் உட்கார்ந்தபடி அதைப் படித்துவிடுவார். இரண்டே குறிதான். அந்த இரண்டையும் ஊரில் ஒருத்தர்கூட வீணாக்கியதில்லை. 'உங்கள் மாடு எங்கள் கொல்லையில் மேய்கிறது' என்று சொல்ல யாரும் மஞ்சள் தடவிக் கடிதம் போட்டதாகக் கதை இல்லை.

அதற்கும் மேலே தந்தி. 2013 ஜூலை மாதம் நாடு முழுக்க நிறுத்துகிற வரைக்கும் இருந்தது. தந்தியில் சாதாரணம் என்றும் எக்ஸ்பிரஸ் என்றும் இரண்டு வகை. எக்ஸ்பிரசுக்கு இரட்டைக் கட்டணம். இதெல்லாம் கொடுக்கிற இடத்துக் கணக்கு. வாங்குகிற இடத்தில், அதாவது எங்கள் தெருவில், தந்தி என்றால் ஒரே வகைதான். தந்திக்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்ப்பதற்குள் ஒரு வீட்டிலாவது ஒப்பாரி தொடங்கிவிடும். ஒரு தடவை என் சித்தப்பாவுக்கு வேலை கிடைத்த செய்தி தந்தியில் வந்தது. பிரிக்காமலேயே முக்கால் மணி நேரம் பாட்டி அழுதார். பிரித்துப் படித்துக் காட்டிய பிறகும் நிறுத்தவில்லை. வேலை வடநாட்டில்.

வெளியூருக்குப் பேச அன்று இருந்த ட்ரங்க் காலில் மூன்று வகை. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங். அர்ஜென்ட்டுக்கு இரண்டு மடங்கு கட்டணம். லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. மின்னல் என்று பெயர் வைத்ததே அந்தத் தொகையைக் கேட்டதும் நெஞ்சில் வெட்டுவதால்தான் என்று அப்பா சொல்வார். எவ்வளவு தலை போகிற அவசரத்தோடு தபாலாபீசுக்குப் போனாலும், எட்டு மடங்கு என்று கேட்டதும் அவசரம் அடங்கி, ஆர்டினரியில் பதிவுசெய்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். மூன்று மணி நேரம் கழித்து லைன் கிடைக்கும். அதற்குள் பிரச்சினை தானாகத் தீர்ந்திருக்கும், அல்லது அப்பாவுக்குப் பழகியிருக்கும். "ஒன்னுமில்லண்ணே, சும்மாதான் பண்ணேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

அவசரத்துக்கு அன்று ஒரு விலை இருந்தது. காசைக் கொடுத்துத்தான் அவசரப்பட முடியும். அதனால் முதலில் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பதறினார்கள். எங்கள் மேனேஜருக்கு ஒரு சிவப்புக் குறிக்கு ஆர்டினரிக் கட்டணத்தில் எட்டு மடங்கு என்று வைத்துப் பாருங்கள். தயிரை அவரே எடுத்து வெளியே வைத்திருப்பார்.

சாயங்காலம் இதையெல்லாம் பக்கத்து வீட்டு சொல்தா மாமாவிடம் கொட்டினேன். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவரைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்போம். சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனாலும் இப்படிச் சில சொற்களை எங்கள் வாயிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். மாமாவுக்கு ஒரு மகள் பாரிசில். அதனால் பிரான்சில் மழை பெய்தால் முத்தியால்பேட்டையில் மாமா ஜன்னலைச் சாத்துவார்.

"தம்பி, செவப்பு செவப்புன்னு குதிக்கிறியே, பிரான்சுல செவப்புத் தபால்தலையையே நிறுத்திட்டான் தெரியுமா?" என்றார்.

உண்மைதான். மறுநாளே போய்ச் சேர வேண்டிய கடிதத்துக்கு அங்கே சிவப்புத் தபால்தலை ஒட்டுவார்கள். 2023 ஜனவரி 1-ஆம் தேதியோடு அதை எடுத்துவிட்டார்கள். இப்போது மறுநாள் போக வேண்டுமென்றால், இரவு 8 மணிக்குள் கடிதத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். பெறுகிறவர் ஊருக்குப் பக்கத்தில் அச்சடித்து, உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மற்றவர்களுக்குப் பச்சைத் தபால்தலை. மூன்று நாளில் போய்ச் சேரும்.

"மூணு நாள் ஆனா குடி முழுகிப் போயிடாதுன்னு ஒரு தேசமே முடிவு பண்ணிடுச்சு. உங்க மேனேஜருக்குத்தான் தயிரு தாங்கல" என்றார்.

"உங்களுக்கு அவசரமா கடுதாசியே வராதா மாமா?"

"வராது. போவும். வருசத்துக்கு ஒன்னு."

அது உயிர்ச்சான்று. பென்ஷன் வாங்குகிறவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்று உறுதி செய்து பிரான்சுக்கு அனுப்பும் தாள். அது போய்ச் சேராவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். ஒரு மனிதன் உலகத்துக்குச் சொல்ல இதைவிட முக்கியமான சேதி இருக்க முடியாது. அந்த உறையின் மேல் அவசரம் என்று எழுதுவாரா, சிவப்பு மையில் கோடு போடுவாரா என்று கேட்டேன்.

"சேச்சே! 'உயிரோட இருக்கேன்'னு சொல்றதுக்கு ஆச்சரியக்குறி போட்டா, படிக்கிறவனுக்கே சந்தேகம் வந்துடாதா?" என்றார்.

மாமா உற்சாகத்தில் இருந்தால் பேச்சு, பிரெஞ்சுப் புதுச்சேரியின் ஆளுநராக இருந்த துய்ப்ளே காலத்துக்குப் போய்விடும். அன்றும் போனது. துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் காலத்தில் பிரான்சிலிருந்து ஒரு கடிதம் வர வேண்டுமென்றால் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் வர வேண்டும். கேள்வி கேட்டுப் பதில் வருவதற்குள் கேட்டவருக்கு அடுத்த குழந்தை பிறந்துவிடும். துய்ப்ளே வீட்டுக்குப் போகலாம் என்ற முடிவை 1754-இல் கடிதத்தை நம்பி மட்டும் விடவில்லை. அவர் இடத்தைப் பிடிக்க வேண்டிய கோதேயுவையே கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். உத்தரவும் ஆளும் ஒரே கப்பலில் வந்து இறங்கின.

"அதான் தம்பி நம்பர் ஒன்னு. பதிலே போட முடியாது பாரு" என்று சிரித்தார் மாமா.

மறுநாள் திங்கட்கிழமை. அலுவலகத்தில் தயிர் விவகாரம் முடிந்திருந்தது. ஃபிரிட்ஜ் சுத்தமாக இருந்தது, நாற்றம் இல்லை. சிவப்புக் குறிதான் நின்றபாடில்லை. சொல்லப்போனால் அந்தத் தயிரிலிருந்து உறை ஊற்றியது மாதிரி எல்லாருக்கும் பரவிவிட்டது. மேனேஜர் தயிருக்கே சிவப்பு போட்டால், பில் பாஸாக வேண்டியவர் என்ன போடுவார்? அவரும் சிவப்பு. லீவு கேட்பவர் சிவப்பு. லீவு கிடையாது என்பவரும் சிவப்பு. எல்லாமே சிவப்பானதும் தலைப்பில் சண்டை தொடங்கியது. 'அவசரம்', 'மிக அவசரம்' ஆகி, 'மிக மிக அவசரம்' ஆகி, ஒருவர் 'அதிமிக அவசரம்' என்றே போட்டார். அவருக்குத் தேவை ஸ்டேப்ளர் பின்.

இது எங்கள் அலுவலக வியாதி மட்டுமில்லை. டெல்லியில் இதற்குக் கையேடே வைத்திருக்கிறார்கள். மத்திய தலைமைச் செயலக அலுவலக நடைமுறைக் கையேடு, கோப்புகளுக்கு 'இமீடியட்', 'பிரையாரிட்டி' என்று அவசரக் குறிகளைப் பிரித்துவைத்து, உடனடிக் கவனம் தேவைப்படுவதற்கு மட்டுமே 'இமீடியட்' போட வேண்டும் என்று கண்டிப்போடு சொல்கிறது. கண்டிப்போடு சொல்ல வேண்டியிருக்கிறது என்றாலே, எல்லாரும் போடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? என் பெரியப்பா ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். அவர் மேசையில் சிவப்புச் சீட்டுக் கட்டிய கோப்புகள் மலையாகக் குவிந்திருக்குமாம். நடுவில் சீட்டே இல்லாத ஒரு கோப்பு வந்தால் அதைத்தான் முதலில் எடுப்பாராம். "அது ஒன்னுதாண்டா கண்ணுக்கே தெரியும்" என்பார். அப்போது அது எனக்குச் சோம்பேறித்தனமாகப் பட்டது. தத்துவம் என்று 18-ஆம் தேதிதான் புரிந்தது.

ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 20-ஆம் தேதி கடைசி. தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. மேனேஜர் தலையசைத்தால்தான் வரிக்கான பணம் வங்கியிலிருந்து நகரும். 16-ஆம் தேதி ஒரு சிவப்பு மின்னஞ்சல் போட்டேன். பதில் இல்லை. 17-ஆம் தேதி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இரண்டும் சிவப்பு. பதில் இல்லை. என் மூன்று சிவப்பும் ஸ்டேப்ளர் பின், ஏசி ரிமோட், மாடிக் குழாய்க் கசிவு ஆகிய மற்ற அவசரங்களோடு தோளோடு தோள் உரசிக்கொண்டு அவர் பெட்டியில் நின்றிருக்க வேண்டும்.

18-ஆம் தேதி நான்காவது மின்னஞ்சலை அடித்தேன். கை நடுங்கியது. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள்; என் விரல் சிவப்பு ஆச்சரியக்குறிக்குள் நுழையாமல், அதற்குக் கீழே இருந்த நீல அம்பில் போய் அழுத்திவிட்டது. அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். கம்பெனியின் கழுத்துக்குக் கத்தி வந்திருக்கிறது என்ற சேதியை, 'முக்கியத்துவம் குறைவு' என்று முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேன். பழைய காலமாக இருந்தால் கருமாதிக் கடிதத்துக்கு மஞ்சள் தடவிய குற்றம்.

நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. மேனேஜரே என் மேசைக்கு வந்துவிட்டார். முகத்தில் கலவரம்.

"என்ன சார் இது? நீல அம்பு போட்டிருக்கீங்க?"

"அது வந்து சார்…"

"பத்து வருஷமா இந்த அவுட்லுக்கைப் பாக்குறேன். ஒருத்தரும் எனக்கு அதைப் போட்டதில்ல. உள்ள ராஜினாமா இருக்குமோன்னு பயந்துகிட்டே திறந்தேன். நல்லவேளை, வெறும் வரிதான்!"

அன்று மாலைக்குள் பணம் நகர்ந்தது. 19-ஆம் தேதி படிவத்தைத் தாக்கல் செய்துவிட்டேன். சும்மா இருந்திருக்கலாம். டீ இடைவேளையில் இந்த ரகசியத்தைப் பெருமையாக ஒருவரிடம் சொன்னேன். அடுத்த வாரம் பதினான்கு பேரும் நீல அம்புக்கு மாறிவிட்டார்கள். 'முக்கியத்துவம் குறைவு' என்ற குறியோடு 'மிக மிக அவசரம்' என்ற தலைப்பில் மின்னஞ்சல்கள் வந்தன. இரண்டே வாரத்தில் நீலத்துக்கும் மதிப்புப் போனது. பெரியப்பா இருந்திருந்தால், இப்போது எந்தக் குறியும் இல்லாமல் எழுது என்றிருப்பார்.

இத்தனைக்கும் உலகத்தின் மிகச் சிறந்த முன்னுரிமை ஏற்பாடு என் வீட்டிலேயே இருக்கிறது. என் மனைவியின் 'ஏங்க'. அதுவும் ஐந்து படி உள்ளது. அடுப்படியிலிருந்து உரக்க வரும் 'ஏங்க' ஐந்தாம் படி. காஸ் அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரைக் காணோம், அவ்வளவுதான். கூடத்திலிருந்து, கொஞ்சம் இழுத்து, 'ஏங்…க' என்றால் நான்கு. தண்ணி கேன் தீர்ந்துவிட்டது. வாசற்படியில் நின்று சொன்னால் மூன்று. பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னால் இரண்டு. அவர்கள் வீட்டுப் பக்கம் ஏதோ விசேஷம், மொய் பெரிதாக இருக்கும். முதல் படியில் சத்தமே இருக்காது. எதிரில் வந்து நின்று, கண்ணைப் பார்த்து, காற்று மட்டும் வெளியே வருகிற மாதிரி ஒரு 'ஏங்க'. சத்தம் குறையக் குறைய ஆபத்து கூடும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த ஏற்பாடு ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. ஏனென்றால் முதல் படியை அவர் மூன்று தடவைதான் பயன்படுத்தியிருக்கிறார்.

நான்காவது தடவை, அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாயசம் வைத்திருந்தார். சொல்தா மாமா வீட்டுக்குக் கொடுத்தனுப்ப டப்பா தேடினார். பிறகு கூடத்துக்கு வந்து என் எதிரில் நின்றார்.

"ஏங்க."

எழுந்து நின்றுவிட்டேன்.

"எங்கம்மா சீரா குடுத்த எவர்சில்வர் டப்பா எங்க? என் பேரு வெட்டியிருக்குமே, அது."

எவர்சில்வர் டப்பா. பெயர் வெட்டியது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு அவர் தயிர் ஊற்றிக் கொடுத்த டப்பா. அன்று அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள் என்று பிரியாணி வந்தது. தயிர் தேவைப்படவில்லை. அதை நான் எடுத்து ஃபிரிட்ஜில்…

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனில் அந்தத் தயிர் மின்னஞ்சலைத் தேடினேன். எத்தனை சிவப்பு! சிவப்புக் கடலுக்குள் ஒரு தயிரைத் தேடுவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் கிடைத்தது. தூய்மை, பொறுப்புணர்வு, கூட்டு வாழ்க்கை எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி வரிக்குப் போனேன். 'திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் எடுக்காவிட்டால் டப்பாவோடு சேர்த்துக் குப்பையில் போடப்படும். டப்பாவின் மேல் ஏதோ பெண் பெயர் இருக்கிறது.'

பதினான்கு பேரில் பதின்மூன்று பேருக்கு அது வெட்டிக் கடிதம். ஒரே ஒருவனுக்கு மட்டும் அந்தச் சிவப்பு சத்தியம். புலி வருது, புலி வருது என்று கத்தும்போதெல்லாம் சிரித்தவன் வீட்டுக்கே புலி வந்திருக்கிறது, அதுவும் விலாசம் தெரிந்துகொண்டு.

அன்று இரவு பதினான்கு பேருக்கும் மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். சிவப்பா, நீலமா என்று அம்புக்குறி இரண்டுக்கும் நடுவில் அலைந்தது. பின்னால் மனைவி நின்றிருந்தார். "எது போட்டா டப்பா கெடைக்குமோ அதைப் போடுங்க" என்றார். கடைசியில் ஒன்றும் போடவில்லை. தலைப்பில் 'என் எவர்சில்வர் டப்பா' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். தெரிந்தவர் யாரும் இல்லை. மேனேஜரிடமிருந்து மட்டும், படித்ததற்கான ரசீது வந்தது.

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய்விட்டேன். அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் அக்கா மட்டும்தான் இருந்தார். அவருக்கு மின்னஞ்சல் முகவரி கிடையாது. அவுட்லுக் கிடையாது. தயிர் பற்றிய எந்தச் சுற்றறிக்கையும் அவருக்குப் போனதில்லை. நம்பிக்கையே இல்லாமல்தான் கேட்டேன்.

"டப்பாவா? பேரு வெட்டினதுதானே?" என்று துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டு உள்ளே போனார். டீ கிளாஸ் அடுக்கும் பலகைக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்து நீட்டினார். தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, மூடியைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. எழுத்தெல்லாம் பளபளத்தது.

"தூக்கிப் போடச் சொன்னாங்களேக்கா?"

"சொன்னாங்க. கெட்டுப்போனது தயிருதானே சார், டப்பா இன்னா பண்ணுச்சு?"